சொல்லுக்குப் பின்னால்

நரின் நகரச் சந்தையில்,
ரயிலே வராத ஊருக்கு லாரியில் வந்திறங்கிய
கன்டெய்னர் ஒன்றின் பாதி என் கடை.
மறுபாதியில் குதிரை லாடம் விற்கிறார்கள்.
தகரச் சுவருக்கு வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
பேட்டரிகளைக் கோட்டின் உள்பையில் வைத்து
அடைகாத்துக்கொண்டிருந்தேன்.

சாபிரா ஒஸ்மன்குலோவா உள்ளே வந்து
கையுறையைப் பல்லால் கழற்றினாள்.
பதிவு அலுவலகத்தில் வேலை.
பிறப்பு, திருமணம், இறப்பு
எல்லாவற்றுக்கும் ஒரே ஊதா மை.
எனக்கும் அவள்தான் எழுதினாள்,
முதலில் திருமணம், பிறகு விவாகரத்து.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

"பதினோரு நாளாய் நெட் இல்லை" என்றாள்.
"கம்பெனிக்காரன் எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன்."

வாங்கிப் பார்த்தேன்.
சிக்னல் நான்கு கோடு. கணக்கில் பணம் இருக்கிறது.
மொபைல் டேட்டா பச்சையாக எரிகிறது.
எல்லாம் சரியாக இருப்பதுதான்
என் தொழிலில் மோசமான நோய்.

அமைப்புகளுக்குள் இறங்கினேன்.
சிம் கார்டு. நெட்வொர்க். ஏ.பி.என்.
அங்கே ஒரு படிவம். அதை நிரப்பியிருந்தாள்.
நிரப்பியிருந்தாள் என்றால் முழுக்க.
ப்ராக்ஸி: இல்லை.
போர்ட்: பூஜ்யம்.
பயனர் பெயர்: தகப்பன் பெயரோடு முழுப்பெயர்.
பாஸ்வேர்டு: எட்டுப் புள்ளிகள். நான் கேட்கவில்லை.
சர்வர்: நீளமாக ஒரு கோடு.

"இதெல்லாம் காலியாக விட வேண்டியது."
"காலியாகவா?"
"காலியாக."
"இருபத்து மூன்று வருடத்தில்
ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை.
விட்டால் ராத்திரியில் யாராவது வந்து
எதையாவது எழுதிவிடுவார்கள்.
ஒரு குழந்தைக்கு அப்படித்தான்
தகப்பன் கிடைத்தான்."

ஒவ்வொன்றாக அழித்தேன்.
அழித்த இடத்திலெல்லாம் சாம்பல் நிறத்தில்
'அமைக்கப்படவில்லை' என்று முளைத்தது.
அவள் ஜன்னல் இல்லாத பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சேமித்தேன். அணைத்து மீண்டும் போட்டேன்.
வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.
லாடக்காரன் எட்டிப் பார்த்து
"குதிரைக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது"
என்றுவிட்டுப் போனான்.

மூன்றாம் முறை அவளே போனைப் பிடுங்கினாள்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
மூக்கில் இடிக்கும் தூரத்தில் வைத்து
இன்டர்நெட் என்ற ஒற்றைச் சொல்லைப் படித்தாள்.
"இங்கே பார். குச்சி தள்ளி நிற்கிறது."

சொல் முடிந்த இடத்தில்
மினுக்கிக்கொண்டிருந்த செங்குத்துக் குச்சி
ஓர் எழுத்து அகலம் விலகி நின்றது,
கல்யாணப் படத்தில்
சண்டைக்கார மாமன் நிற்பதுபோல.
எட்டு எழுத்துக்குப் பின்
ஒன்பதாவதாக ஓர் இடைவெளி.
வாழ்நாளில் அவள் காலியாக விட்டது அது ஒன்றுதான்,
அதுவும் தெரியாமல்.

அழித்தாள்.

முதலில் வங்கி வந்தது. பிறகு வானிலை,
பதினோரு வானிலைகள், எல்லாம் பெய்து முடிந்தவை.
பிறகு யெகாதெரின்பூர்க்கிலிருந்து தங்கை மேரிம்:
இரண்டு திரைச்சீலைகளின் படம். எந்த நிறம்?
பார்த்தாயா?
கோபமா?
நான் சொன்னது அம்மாவின் கம்பளத்தைப் பற்றி மட்டும்தான்.
ஆறு நாள் ஒன்றுமில்லை.
பிறகு: சரி, கோபமாகவே இரு.

நின்றபடியே படித்தாள் சாபிரா.
"நானும் அவளைப் பற்றி அப்படித்தான்..." என்றாள்,
என்னிடம் அல்ல.
குளிரில் விறைத்த கட்டைவிரலைத் திரை ஏற்கவில்லை.
ஊதி ஊதி அடித்தாள்.
மஞ்சள். அவ்வளவுதான் எழுதினாள்.

எவ்வளவு என்று கேட்டாள்.
ஓர் இடைவெளியை எடுத்ததற்கு,
அதையும் அவளே எடுத்ததற்கு, என்ன கேட்பது?
வாடகை நினைவுக்கு வந்து
ஐம்பது சோம் என்றேன்.

ரசீது வேண்டும் என்றாள். எழுதிக் கொடுத்தேன்.
'வேலையின் விவரம்' என்ற கட்டத்துக்கு
எனக்கு எதுவும் தோன்றவில்லை.
பையிலிருந்து ஊதாப் பேனாவை எடுத்தவள்
உள்ளங்கையில் உருட்டிச் சூடேற்றினாள்.
பிறகு குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்,
இரண்டு முனையும் விளிம்பைத் தொட,
ராத்திரியில் வருகிறவர்களுக்கு
இடமில்லாதபடி.